வரிசை எண் 22-அ

மலையடிவாரத்து மடத்துக்கு செல்போன் சிக்னல் வந்து சேர்ந்த அன்றே தாணுமூர்த்திக்கு ஒரு வேலையும் வந்து சேர்ந்தது.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊர் உலகத்துத் துன்பம் எதுவும் காதில் விழுந்தால் காலைக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொல்வார். மற்றவர்கள் "சாந்தி" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அமைதியாக இருப்பார்கள். மளிகைச் சாமானோடு வாரத்துக்கு ஒரு செய்தித்தாள் வந்த காலத்தில், எங்கோ படகு கவிழ்ந்தது என்று கேட்டு அன்று முழுக்க ஒருவரும் சாப்பிடவில்லை. மறுநாளே இரண்டு பேர் அரிசி மூட்டையோடு அந்தக் கடற்கரை ஊருக்குக் கிளம்பிப் போனார்கள்.

தாணுமூர்த்தி அஞ்சல் துறையில் ஓய்வு பெற்றவர். அறுபத்தாறு வயது. சும்மா சொல்லக்கூடாது, மனிதர் உழைப்பாளி. விடிவதற்குள் போனில் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கண்ட துயரத்தையெல்லாம் வரிசை எண் போட்டு நோட்டில் எழுதிவிடுவார். கூட்டத்தில் வாசிப்பார். "சாந்தி" கேட்டதும் பேனாவால் ஒரு டிக். பிறகு அடுத்தது.

குரு திலகவதி அம்மாவுக்கு நாற்பது வயதுதான். தன்னைவிட இளையவர் என்பதில் தாணுமூர்த்திக்கு ஒரு குறையும் இல்லை. தன் நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லையே என்பதுதான் குறை. ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"அம்மா, முன்னெல்லாம் வாரத்துக்கு ஒரு ஊருக்காக வருத்தப்பட்டோம். இப்ப தினமும் முப்பது நாப்பது ஊருக்காக வருத்தப்படறோம். நம்ம கருணை பெருகியிருக்குன்னுதானே அர்த்தம்?"

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து, காலைக் கூட்டம் தொடங்கும் நேரத்தில் அம்மா எங்கிருந்தோ வேகமாக வந்தார். மடித்த ஒரு சீட்டை நீட்டினார்.

"முதல்ல இதை எல்லாருக்கும் வாசிச்சுச் சொல்லுங்க."

தாணுமூர்த்திக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அம்மாவே செய்தி தருகிறார்! ஆனால் அவருடைய நோட்டில் வரிசை என்று ஒன்று இருக்கிறதே. சீட்டை மடித்தபடியே நடுவில் செருகி, மேலே "22-அ" என்று எழுதிக்கொண்டார்.

அன்று மொத்தம் முப்பத்தேழு. நிலநடுக்கம், ரயில் விபத்து, குண்டுவீச்சு, பள்ளிக்கூடத்தில் தீ. உருக்கமாகத்தான் வாசித்தார். நாற்பது பேரும் "சாந்தி, சாந்தி" என்றார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்து அவரவர் வேலைக்குப் போனார்கள்.

எட்டு மணிக்குச் சாப்பாட்டு மணி அடிக்கவில்லை. ஒன்பதுக்கும் அடிக்கவில்லை. தாணுமூர்த்திக்கு ரத்தக்கொதிப்பு. உப்பில்லாத கஞ்சியைத் தனியாக வைத்துத் தருவது சமையல்கார வடிவுதான். ஆறு வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை. என்ன ஆயிற்று இவளுக்கு என்று சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார்.

அடுப்பு அணைந்திருந்தது. பெரிய பானை கவிழ்ந்து கிடந்தது. தரையெல்லாம் கொட்டிக் கிடந்த கஞ்சியை அம்மா குனிந்து துடைத்துக்கொண்டிருந்தார்.

"வடிவு எங்கம்மா?"

"ஆஸ்பத்திரியில."

"ஐயோ! எப்ப? என்ன ஆச்சு? என்கிட்ட யாரும் சொல்லலையே!"

அம்மா நிமிர்ந்தார்.

"எல்லார்கிட்டயும் சொன்னதே நீங்கதானே."

"நானா?"

பதறிப்போய் நோட்டைப் பிரித்தார். அம்மாவின் கையெழுத்து. "நம் வடிவின் கைகளில் கொதிக்கிற கஞ்சி கொட்டிவிட்டது. டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்திருக்கிறேன். தனியாக இருக்கிறாள். உடனே துணைக்கு ஒரு ஆள் வேண்டும்."

பக்கத்தில் அவர் கையாலேயே போட்ட டிக்.

அதை வாசித்தபோது தன் குரல் தழுதழுத்தது அவருக்கு நன்றாக ஞாபகம் வந்தது. யாருக்காகத் தழுதழுத்தது என்பது மட்டும் ஞாபகத்தில் இல்லை. நாற்பது பேர். ஒருவர்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

"ஒருத்தராவது எந்திரிப்பீங்கன்னு வாசல்லயே நின்னுட்டிருந்தேன்" என்றார் அம்மா.

தாணுமூர்த்தி நோட்டை மூடினார்.

"அம்மா, நான் மனுஷனே இல்லை. இப்ப நான் என்ன செய்யட்டும்? எவ்வளவு நேரம் வேணாலும் தியானத்துல உக்கார்றேன். சொல்லுங்க."

அம்மா துணியைப் பிழிந்தார்.

"அவளுக்கு ரெண்டு கையிலயும் கட்டுப் போட்டிருக்காங்க. இன்னும் ஒண்ணும் சாப்பிடலை. யாராவது ஊட்டணும்."