உடனிருப்போர் சங்கத்தின் புது முகப்பு

“ஒரு பட்டன்மா. ஒரே ஒரு பட்டன். அதை அமுக்கியிருந்தா நாங்க பத்துப் பேர் போய் நின்னிருப்போம். ஏன் அமுக்கலை அவரு?”

பூவராகன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே கேட்டார்.

“வாங்க ஐயா. முதல்ல உள்ள வந்து உட்காருங்க” என்றார் அபரஞ்சி அம்மா.

அம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. பூவராகன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றே பல வருஷம். இருந்தும் சனிக்கிழமை தவறாமல் வந்து அம்மாவின் முன்னால் பாயில் உட்கார்ந்துவிடுவார். ஆற்றங்கரையில் இருக்கிற எங்கள் இடத்துக்கு ஆசிரமம் என்றெல்லாம் போர்டு கிடையாது. ஒரு ஓட்டுக் கூடம், ஒரு கிணறு, ஒரு அடுப்பு. அந்த அடுப்புக்கு நான்.

கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்குப் பூவராகனைப் பிடிக்கும். ஆனால் மனுஷர் தன் சங்கத்தைப் பற்றி ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். அன்றைக்கு அந்தப் பயம் வரவில்லை. அவர் முகம் செத்துப்போய் இருந்தது.

“யாரு ஐயா அமுக்கலை?”

“சவரிமுத்து அண்ணன்மா. போயிட்டாரு. வியாழக்கிழமை அடக்கம் பண்ணோம்.”

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

சவரிமுத்துவை எங்கள் ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியில் கேட்பாரில்லாமல் கிடக்கிற நோயாளிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கஞ்சி ஊற்றி, மாத்திரை வாங்கிக் கொடுத்து, சொந்தக்காரர் மாதிரி இருப்பதற்கென்றே ஒரு சங்கம் ஆரம்பித்தவர். உடனிருப்போர் சங்கம். அதற்குப் பூவராகன் செயலாளர்.

என் அண்ணி அங்கே கிடந்தபோது சவரிமுத்துதான் இருந்தார். ‘ஒரு வாய் சாப்பிடுறீங்களாம்மா’ என்று அவர் கேட்ட மாதிரி என் அண்ணன் ஒருநாளும் கேட்டதில்லை. சின்னப் பிள்ளையைக்கூட ‘வாங்க, உட்காருங்க’ என்பார்.

“எங்க இறந்தாரு?”

“அதே ஆஸ்பத்திரிலதாம்மா. பக்கத்துல ஒரு ஆள் இல்லை. ஊருக்கெல்லாம் துணைக்குப் போன மனுஷன்மா, அவருக்கு ஒரு ஆள் இல்லை.”

அம்மா தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் தொடவில்லை.

“உங்களுக்குத் தெரியாதா ஐயா?”

“போன பிறகுதான் தெரியும். சிஸ்டர் அவர்கிட்ட கேட்டிருக்காங்க. ‘நீங்க சங்கத்து ஆளாச்சே, யாரையாவது கூப்பிடட்டுமா’ன்னு. ‘அது முன்னாடி சிஸ்டர். இப்ப நான் அதுல இல்லை’ன்னு சொல்லியிருக்காரு. இல்லைன்னு யாரும்மா சொன்னது? உறுப்பினர் வரிசையில முதல் பேரே அவர் பேருதான். இன்னிக்கும் இருக்கு!”

“சண்டை போட்டீங்களா?”

“சண்டைன்னு சொல்ல முடியாது…”

இப்படி இழுத்தாலே விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். அம்மா காத்திருந்தார். நானும் நறுக்குவதுபோல் பாவனை பண்ணிக்கொண்டிருந்தேன்.

“சங்கத்தோட இணையதளத்தை மாத்தினேம்மா. பழசுல என்ன இருந்துச்சு? தலைவர் படம், செயலாளர் படம், ஆண்டு விழாவுல மாலை போட்ட படம். ஆஸ்பத்திரியில ஆளில்லாம தவிக்கிறவன் வந்து என் மூஞ்சியையா பார்க்கணும்? எல்லாத்தையும் தூக்கிட்டேன். திறந்ததும் பெரிய எழுத்துல ‘துணை வேண்டும்’னு ஒரு பட்டன். அமுக்கினா அந்த ஆளுக்குக் கிட்டத்துல இருக்கிற உறுப்பினர் எல்லாருக்கும் போன்ல மணி அடிக்கும். வர்றவங்களை மனசுல வச்சுத்தாம்மா ஒவ்வொண்ணையும் செஞ்சேன்.”

“யாரை மனசுல வச்சு?”

“எல்லாரையும்தான்.”

“எல்லாரும்னா முகம் தெரியலையே ஐயா. பேரைச் சொல்லுங்க.”

“இந்திராணியக்கா. அவங்க கண்ணுக்கு அந்தப் பச்சை நிறம் கூசுதுன்னாங்க, மாத்தினேன். லாரி ஷெட் காதர் பாய். அவருக்கு விரல் தடி, பட்டனைப் பெரிசாக்கினேன். பாண்டுரங்கன், மெர்சி டீச்சர்… வீடு வீடாப் போனேம்மா. போனைக் கையில கொடுத்து, ‘எங்க தடுக்குது, எது புரியலை, சொல்லுங்க’ன்னு பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்தேன்.”

“நல்ல வேலை ஐயா” என்றார் அம்மா. நிஜமாகத்தான் சொன்னார். “சவரிமுத்து வீட்டுக்கு?”

பூவராகன் பாயின் ஓரத்துக் கோரையைப் பிய்க்க ஆரம்பித்தார்.

“அவர் வீட்டுக்கு மட்டும் போகலை.”

“ஏன்?”

“கூட்டத்துல ஒரு வார்த்தை விட்டுட்டேம்மா. முன்னெல்லாம் அவருக்குத்தான் போன் வரும். அவர் பேசி, அப்புறம் ஆள் அனுப்புவாரு. ‘துணை கேக்கிறவனுக்கு முதல்ல ஒரு மனுஷக் குரல் கேக்கணும்யா, பட்டன் வேண்டாம்’னு பிடிவாதமா நின்னாரு. எனக்குக் கோவம். ‘அண்ணே, காலம் மாறிப்போச்சு, நீங்க கொஞ்சம் ஒதுங்கி இருங்க’ன்னுட்டேன். எல்லார் முன்னாடியும்.”

“அவர் என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லலை. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு உட்கார்ந்தாரு. கூட்டம் முடியிற வரைக்கும் இருந்தாரு. கோவம் தணியட்டும், அப்புறம் போய்க் காட்டலாம்னு இருந்தேன். இன்னிக்கு, நாளைக்குன்னு…”

அழுதார். பெரிய மனுஷர் அழுவதைப் பார்ப்பது கஷ்டம். நான் அடுப்பைத் தூண்டுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

“அவரா ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாமே ஐயா?” என்று அம்மா கேட்டார்.

“பார்த்திருக்காரும்மா! அதான் என்னைப் போட்டு அரிக்குது. யார் யார் வந்தாங்கன்னு எங்களுக்குத் தெரியும். திறந்த முதல் வாரமே வந்திருக்காரு. யாரையோ கேட்டு, எப்படியோ தட்டுத் தடுமாறி உள்ள நுழைஞ்சிருக்காரு. ஆசை இல்லாமலா வந்தாரு? ஆனா வந்த கையோட போயிட்டாரு. அப்புறம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கலை. கூட்டத்துக்கும் வரலை. வீம்பும்மா. ரோஷம் பிடிச்ச கிழவன்…”

சொன்னவர் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். செத்தவரைத் திட்டிவிட்ட பயம்.

“அதைக் கொஞ்சம் காட்டுங்க” என்றார் அம்மா.

பூவராகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். தன் பெயரையும் ரகசியச் சொல்லையும் தட்டித் திறந்து அம்மாவின் கையில் கொடுத்தார். அந்தத் துக்கத்திலும் பெருமை விடவில்லை அவரை.

“ஒரு இங்கிலீஷ் வார்த்தை இருக்காதும்மா, தேடிப் பாருங்க. செஞ்சு கொடுத்த கம்பெனிக்காரன் எல்லாத்தையும் இங்கிலீஷ்லதான் போட்டு வச்சிருந்தான். நான் விடலையே. தமிழ் ஜனங்க வர்ற சங்கத்துக்கு எதுக்குய்யா இங்கிலீஷுன்னு ஒவ்வொண்ணா நானே உட்கார்ந்து நல்ல தமிழ்ல மாத்தினேன்.”

அம்மா பார்த்தார். விரலால் மேலே தள்ளினார், கீழே இறக்கினார். திரும்பவும் மேலே போய் அங்கேயே நின்றுவிட்டார். ஏன் அவ்வளவு நேரம் என்று எனக்குப் புரியவில்லை.

“சொல்லுங்கம்மா” என்றார் பூவராகன். “அதுல என்ன குறை? அந்த ஒரு பேச்சைத் தவிர நான் என்ன தப்புப் பண்ணேன்? அவர் ஏம்மா என்னைக் கூப்பிடலை?”

அம்மா நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தார்.

“பூவராகன்” என்றார். “வெளியேறு.”

எனக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. அம்மா வாயிலிருந்து ‘வா, போ’கூட நான் கேட்டதில்லை. என்னையே ‘கோதண்டம், சாப்பிட்டீங்களா’ என்றுதான் கேட்பார்.

பூவராகனின் முகத்தில் ரத்தம் ஏறி, அப்படியே வடிந்தது. கையை ஊன்றி எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். அம்மாவைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல் நடந்து போனார்.

“என்னம்மா இது!” என்றேன். நான் அம்மாவிடம் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான். “துக்கத்தைச் சொல்ல வந்த மனுஷன். வயசுல பெரியவரு. நாயைக்கூட நாம இப்படித் துரத்த மாட்டோமே?”

அம்மாவின் கண் கலங்கியிருந்தது. போனை என்னிடம் நீட்டினார்.

“விட்டுட்டுப் போறாரு. கொண்டுபோய்க் கொடுங்க கோதண்டம். படிச்சுப் பார்த்துட்டுக் கொடுங்க.”

வாங்கிக்கொண்டு ஓடினேன். ஓடும்போதே பார்த்தேன். பார்த்ததும் என் நடை மெதுவாகிவிட்டது.

பஸ் நிற்கிற இடத்தில் பூவராகன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“ஐயா, போன்.”

“அங்கேயே கிடக்கட்டும்.”

“ஏன்னு திரும்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஐயா?”

“எப்படிப்பா கேக்கிறது?” என்று திரும்பினார். “பேரைச் சொல்லிப் போன்னா போயிடணும். அதுக்கு மேல நின்னு ஏன், எதுக்குன்னு கேட்டா நமக்குத்தான் அசிங்கம். நான் செத்தாலும் இனி இந்தப் பக்கம் வர மாட்டேன். ஒருத்தருக்கும் சொல்லியனுப்பவும் மாட்டேன்.”

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

“அம்மா உங்களைச் சொல்லலை ஐயா. இதுல இருந்ததைப் படிச்சாங்க” என்று போனை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தேன்.

மேலே, வயசானவர்களுக்கும் தெரியவேண்டும் என்று அவரே பெரிதாக்கிய எழுத்தில் அவருடைய பெயர். அதை ஒட்டி ஒரு சிவப்புக் கட்டம். கட்டத்துக்குள் அந்த ஒரு சொல்.

“ஓ, இதுவா? இது பட்டன்பா” என்றார். “பார்த்து முடிச்சுட்டு மூடுறதுக்கு. லாக் அவுட். அதைத்தான் தமிழ்ல…”

நிறுத்திவிட்டார்.

பஸ் வந்தது. கண்டக்டர், “ஏறுங்க பெரியவரே” என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது. பூவராகன் போனை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“உள்ள யாரு வர்றாங்களோ, அவங்க பேரு இந்த இடத்துல வரும் கோதண்டம்” என்றார். “அண்ணன் வந்தப்ப அண்ணன் பேரு வந்திருக்கும்.”