மீன்தொட்டி மூடியும் தாண்டவன் பேரமும்

"எவன் அவன்? என் மீன்களை உயிரோடு அவிக்கப் பார்த்தவன் எவன்? அந்தப் பாவி இந்த அவையில்தான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி நிற்கிறான். இன்று அவனை விட்டேனா பார்!"

நீர்மங்கலத்து ராஜா முத்தரசப்பர் சிங்காசனத்தில் உட்காரவே இல்லை. குதித்துக்கொண்டிருந்தார்.

குதிக்காமல் என்ன செய்வார்? கப்பலில் வந்த சீமைக் கண்ணாடித் தொட்டி. அதில் சீனத்துத் தங்கமீன்கள். தொட்டிக்கு மேலே தேக்கில் செதுக்கிய கோபுர மூடி. மூடிக்குள்ளே எண்ணெய் விளக்குகள். விளக்கை ஏற்றினால் மீன் ஒவ்வொன்றும் நகைக்கடையாக மின்னும். நேற்று மாலை சம்பந்தி ராஜாவைக் கூட்டி வந்து அதைத்தான் காட்டினார். காட்டிக்கொண்டிருக்கும்போதே கோபுரம் புகைந்தது. தண்ணீரின் ஆவி மேலே ஏறிச் சொட்ட, சூடேறிய விளக்குக் கண்ணாடி படாரென்று வெடித்தது. விளக்கைக் கட்டியிருந்த பட்டுக்கயிறு கருகி அறுந்தது. விளக்கு தண்ணீரில் விழுந்து 'சுஸ்ஸ்' என்றது. மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிட்டன.

சம்பந்தி ராஜா மூக்கை உறிஞ்சி, "குழம்பை எப்போ இறக்குவீங்க?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்விதான் முத்தரசப்பரை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை.

பிரதானி ஆளவந்தார் முன்னே வந்தார். "இதில் விசாரிக்க என்ன இருக்கிறது மகாராஜா? தொட்டி வேலைக்காரன் சடையன்தான் விளக்கை மாட்டினான். அவன் தலையை எடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது."

சடையன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டான். உண்மையைச் சொல்லவும் முடியாது.

தூணோரம் நின்ற தாண்டவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டுச் சந்தையில் பேரம் பேசிப் பேசி, உதைபட்டு, உதைத்து, அந்த வாயை வைத்தே அவைக்குள் வந்து சேர்ந்த ஆள் அவன். நடந்தது அவனுக்குத் தெரியும். பிரதானிக்கும் தெரியும். விளக்கை மாற்றிக் கட்டச் சொன்ன அன்றைக்குப் பக்கத்தில் நின்று தலையாட்டியவரே பிரதானிதானே! 'பூசணிக்காய் மாதிரி நின்றுகொண்டு புளுகுகிறாரே' என்று பல்லைக் கடித்தான். ஆனால் சந்தையில் கோபத்தைக் காட்டினால் மாடு கைக்கு வராது. முன்னே போய்க் கும்பிட்டான்.

"மகாராஜா, குற்றவாளியை நான் பிடித்துக் கொடுக்கிறேன். முதலில் தண்டனையை முடிவு பண்ணிக்கொள்வோம்."

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். ராஜா தண்டனையைச் சொல்லிச் சேகண்டி அடித்துவிட்டால் அவ்வளவுதான். அப்புறம் ராஜாவே அழுது புரண்டாலும் மாற்ற முடியாது.

"தலை!" என்றார் ராஜா.

"ரொம்ப அதிகம் மகாராஜா."

"என்னடா அதிகம்? இது என்ன மாட்டுச் சந்தையா?"

"மீனை எல்லாம் அண்டாவுக்கு மாத்தியாச்சு, உயிரோடு நீந்துது. போகாத உயிருக்கு ஒரு உயிரா? கட்டுப்படி ஆகாது."

"சரி, ரெண்டு கை!"

"மீனுக்குக் கையே இல்லையே, எதை ஈடு கட்டுறீங்க?"

"மகாராஜா, இவன் பேரம் பேசுகிறான்!" என்று பிரதானி கத்தினார்.

"நீங்க நடுவில் தரகுக்கு வராதீங்க பிரதானி!" என்று தாண்டவன் சீறினான்.

"ஆயுள் முழுக்கச் சிறை! இதற்குக் கீழே இறங்க மாட்டேன்!"

"சிறையில் ஜன்னல் இருக்கும், காத்து வரும். மீனுக்கு வரலையே? மீன் பட்டதையே அந்த ஆளும் படட்டும் மகாராஜா. அதே மூடிக்குள் தலையை விட்டு, அதே விளக்குகளை ஏற்றி, நான் ஒரு வெற்றிலை மென்று முடிக்கிற வரைக்கும் உட்காரட்டும்."

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. தொடையைத் தட்டினார். "பலே! யாராக இருந்தாலும் இதுதான் தண்டனை. அடிடா சேகண்டியை!"

கொய்ங்ங்ங்!

தாண்டவன் திரும்பினான். "சடையா, முதல் முதலில் விளக்கை எப்படியப்பா மாட்டினே?"

"இரும்புச் சங்கிலியில் உயரமா தொங்கவிட்டேனுங்க. மரத்துக்கும் விளக்குக்கும் நடுவே செப்புத் தகடு. சொட்டுத் தண்ணி விளக்கில் படாதபடி தகட்டை ஒரு பக்கம் சாய்ச்சு வச்சேன். சூடு வெளியே போக மூடியில் துளைங்க."

"அப்புறம்?"

"வெளிச்சம் துளை வழியா வீணாப் போகுது, அடைன்னாங்க. தகடு அடுப்படி மாதிரி இருக்கு, கழட்டுன்னாங்க. சங்கிலி அசிங்கம், பட்டுக்கயிறு கட்டுன்னாங்க. இன்னும் கீழே இறக்குன்னாங்க."

"யார் சொன்னாங்க?"

சடையன் தரையைப் பார்த்தான். பிரதானி தரையைப் பார்த்தார். சேனாதிபதி, புரோகிதர், சாமரம் வீசுகிறவர்கள், எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"யாரடா அவன்?" என்று உறுமின ராஜா, அவையைச் சுற்றிப் பார்த்தார். குனியாமல் நின்ற தலை ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய தலை.

"அட... நானா?"

சேகண்டி இன்னும் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

மூடியைக் கொண்டுவந்து உயரமாகக் கட்டினார்கள். ராஜா கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே தலையை விட்டார். விளக்குகள் எரிந்தன. தாண்டவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெற்றிலையைத் துடைத்து, காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, நிதானமாகச் சுண்ணாம்பு தடவினான்.

"மெல்லுடா சீக்கிரம்!" என்று உள்ளேயிருந்து அலறல். "ஐயோ, மீசை பொசுங்குது! துளை எங்கே? தகடு எங்கே?"

"பாக்கு கொஞ்சம் கெட்டியா இருக்கு மகாராஜா."

துப்பிவிட்டு வந்து அவன் மூடியைத் தூக்கியபோது ராஜா வெந்த பனங்கிழங்கு மாதிரி இருந்தார். ராஜா தாண்டவனை முறைத்தார்.

"துரோகி! நான்தான் என்று தெரிந்தும் எனக்கே தண்டனை பேசினாயா?"

"பேசியது யாருக்காக மகாராஜா? நீங்க கேட்டது தலை. அதை வெற்றிலை போடுகிற நேரத்துக்கு இறக்கியிருக்கேன். சந்தையில் இதைவிட மலிவா எவனாவது முடிச்சுக் கொடுத்திருப்பானா?"

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு ஆரம்பித்த சிரிப்பு நிற்கவே இல்லை. கண்ணீரும் வேர்வையும் சேர்ந்து வழிந்தன. கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

தாண்டவன் கையை நீட்டவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டான்.

"மாலை அப்புறம் ஆகட்டும் மகாராஜா. மீனெல்லாம் இன்னும் அண்டாவில்தான் கிடக்கு. துளையை அடைக்கச் சொன்ன அந்த ஆள், முதலில் அதைத் திறக்கச் சொல்லட்டும். தகட்டை மாட்டச் சொல்லட்டும். விளக்கை மேலே ஏற்றச் சொல்லட்டும். இப்பவே, என் கண் முன்னாலேயே சொல்லட்டும்!"