மைனா கொத்தாத உண்ணி

நன்றி மறந்தது மைனாதான். கிழட்டு எருமைக்கடா மைனா தந்த வாக்கை இன்றுவரை மறக்கவில்லை.

கோடை மழை கொட்டிய அன்று, ஏரிக்கரை மருத மரத்துப் பொந்திலிருந்து மைனாக் குஞ்சு ஒன்று சேற்றில் விழுந்தது. எருமை மந்தை மேட்டுக்கு ஓடியது. கடா மட்டும் ஓடவில்லை. குஞ்சைத் தன் வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு, மழை விடும்வரை அசையாமல் நின்றது.

"பெரியப்பா! உயிர் உள்ளவரை மறக்கமாட்டேன்! இனி உங்கள் உண்ணிகளைக் கொத்துவது என் பொறுப்பு!" என்றது தாய் மைனா.

கடா மந்தைக்குத் திரும்பியபோது அதன் இடத்தில் ஓர் இளங்கடா நின்றது. "பெரிசு, வந்த வழியே போ!" என்று கொம்பை ஆட்டியது. அந்த இளங்கடாவின் முதுகில் மைனா உட்கார்ந்திருந்தது! அது துள்ளி நடந்தால் புல்லிலிருந்து வெட்டுக்கிளிகள் நிறையக் கிளம்புமாம்.

கடா மருத மரத்தடியிலேயே தனியாகக் கிடந்தது. உடம்பிலிருந்த உண்ணிகளைச் சேற்றில் புரண்டு தீர்த்தது. காதுக்குள் இருந்தவற்றை என்ன செய்யும்? வால் எட்டவில்லை, கொம்பும் எட்டவில்லை. காது வீங்கி, கேட்கும் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

மேலே மைனா தன் குஞ்சுகளுக்குப் பாடம் நடத்தியது.

"இரக்கம் என்றால்?"

"பிறர் துன்பம் கண்டு மனம் உருகுவது!"

"கருணை என்றால்?"

"கேட்காமலே உதவுவது!"

"நான் கேட்டே பார்க்கிறேன்! என் காதைக் கொஞ்சம் கவனி!" என்று கடா கத்தியது.

"பாடம் நடக்கிறது பெரியப்பா, நாளைக்கு!" என்றது மைனா.

அந்த நாளை வரவில்லை. இரண்டு காதும் முழுக்க அடைத்துப்போயின.

ஒருநாள் சாரைப்பாம்பு ஒன்று மரத்தில் ஏறியது. "பெரியப்பா! பாம்பு! பாம்பு!" என்று மைனா அலறியது. கடா அசை போட்டபடி படுத்திருந்தது. பாம்பு பொந்தை நெருங்கியது. மைனா பாய்ந்து வந்து கடாவின் முதுகில் இறங்கி, நறுக்கென்று கொத்தியது.

கடா நிமிர்ந்து பார்த்தது. எழுந்து, மரத்தை ஓங்கி முட்டியது. பாம்பு தொப்பென்று விழுந்து புதருக்குள் ஓடியது.

"தயாளரே! கருணைக்கடலே! அருள்வடிவே!" மைனா கண்ணீர் விட்டது.

"நீ சொல்வது ஒன்றும் கேட்கவில்லை. வந்தது வந்தாய், இந்தக் காதைப் பார்த்துவிட்டுப் போயேன்" என்று கடா தலையைச் சாய்த்தது.

"நாளைக்குக் கட்டாயம்!" என்று சொல்லிவிட்டு மைனா பறந்தது. அதுவும் கடாவுக்குக் கேட்கவில்லை. மைனா காதை நோக்கித்தான் வருகிறது என்று நினைத்து அப்படியே நின்றது. இன்னும் தலையைச் சாய்த்தபடிதான் நிற்கிறது.

அன்புக்கு ஆயிரம் பெயர் தெரிந்து வைத்திருந்தாலும், உதவியவர் நோகும்போது கிட்டே வராதவருக்கு அதன் பொருள் தெரியாது.