இன்று காலை பிறந்த மகாராஜா

முன்னொரு காலத்தில், அரண்மனையில் யார் தும்மினாலும் அரை நாழிகைக்குள் குளத்துப் படித்துறையில் அதைப் பற்றிப் பேச்சு நடந்த ஒரு நாட்டில், குமாரதுங்கன் என்று ஒரு ராஜா இருந்தார். பெயரில்தான் குமாரன்; வயது ஐம்பத்தொன்பது போய் அறுபது நிறையப் போகிறது. மீசை கறுக்கக் கரிசாலைத் தைலம் தடவுகிறார் என்பது அரண்மனை ரகசியம். அதாவது, ஊருக்கே தெரியும்.

அறுபதாம் கல்யாணத்துக்குப் பந்தற்கால் நட்டு, வாழைத்தாரும் வந்து இறங்கியாயிற்று. அந்த நேரம் பார்த்து ராஜா சபையைக் கூட்டினார்.

"நாம் பிறந்தது விகாரி வருடம். அறுபது வருடமும் சுற்றி அதே விகாரி திரும்பிவிட்டது. ஆகவே நாளைக் காலை, நம் பிறந்த நாளில், நமக்குப் புதுப் பிறவி. புதுப் பிறவிக்குப் புது மணமகள்தானே முறை? மறுநாள் முகூர்த்தத்தில் மந்திரியாரின் தங்கை மகள் பங்கஜவல்லியை மணக்கிறோம்."

சாமரம் வீசியவளின் கை அந்தரத்திலேயே நின்றது. பங்கஜவல்லிக்குப் பதினெட்டு வயது! நாற்பது வருடம் கூட வாழ்ந்த ராணி உலகம்மை அந்தப்புரத்தில் வளையல் அடுக்கிக்கொண்டிருக்கிறாள்!

இது ராஜாவின் சொந்த யோசனை என்று படித்துறையில் ஒருத்தியும் நம்பவில்லை. மந்திரி விருத்தகிரியார் ஒரு மாதமாக ராஜாவின் காதோரத்திலேயே குடியிருந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

அந்த விருத்தகிரியார்தான் எழுந்தார். அரண்மனை விகடன் செவ்வந்தியான்மேல் அவருக்குப் பல வருடப் பொறாமை.

"மகாராஜா, மூத்த ராணியாரின் சம்மதம் வேண்டுமே! செவ்வந்தியான் சொன்னால் அவர் தட்டமாட்டார். அவனையே அனுப்பலாம்."

"ஆகட்டும்," என்றார் ராஜா. "செவ்வந்தியா! நாளைக் காலை ராணி இந்தச் சபைக்கு வந்து, தன் வாயாலேயே சம்மதம் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பொழுது சாய்வதற்குள் நீ நாட்டு எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும்."

கொலு மண்டபத்திலிருந்து அந்தப்புரம் நூறு அடி தூரம். அன்றைக்கு அது செவ்வந்தியானுக்கு நூறு காதமாக நீண்டது.

ராணி இரண்டு கூறைப் புடவைகளை மடியில் விரித்துவைத்திருந்தாள். "வா செவ்வந்தியா. இதில் எது எடுப்பாக இருக்கிறது, சொல்."

அவன் புடவைகளைப் பார்க்காமல் விஷயத்தைச் சொன்னான். ராணி புடவைச் சரிகையை நீவிக்கொண்டே இருந்தாள்.

"நாற்பது வருஷம்," என்றாள்.

"தாயே, சம்மதம் சொல்லிவிடுங்கள்," என்றான் அவன்.

"என்னடா சொன்னாய்?"

அவன் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னான். கதவோரம் காதை வைத்திருந்த தாதிக்குத் "தொட்டில்" என்ற ஒரு சொல்தான் கேட்டது. என்ன காது அது!

மறுநாள் காலை சபை நிரம்பி வழிந்தது. ராணி வந்தாள். பின்னால் நான்கு பேர் ஆளுயரத் தேக்குத் தொட்டில் ஒன்றைத் தூக்கி வந்தார்கள்.

"மகாராஜாவின் புதுப் பிறவிக்குச் சம்மதம். புது மணமகளுக்கும் சம்மதம்," என்றாள் ராணி. "எது எது எந்தப் பருவமோ அந்தப் பருவத்தில் அததை நடத்தி வைக்கிறேன்."

விருத்தகிரியாரின் வாய் பிளந்தது. ராஜா மகிழ்ந்துபோய் எழப் பார்த்தார்.

"அசையாதீர்கள்!" என்று கத்திக்கொண்டு செவ்வந்தியான் சிம்மாசனத்தில் தாவி ஏறி, ராஜாவின் பிடரியை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டான். "இன்று காலை பிறந்த குழந்தை! கழுத்து இன்னும் நிற்கவில்லை!"

ராஜாவைத் தொட்டுவிட்டான்! வாள்கள் பாதி உருவப்பட்டு அப்படியே நின்றன. அதற்குள் அவன் கிரீடத்தையும் கழற்றி ராணியின் கையில் கொடுத்துவிட்டான். "உச்சிக்குழி மூடவில்லை தாயே. இந்தக் கனம் ஆகாது."

"அடேய்! யாரங்கே, இவனை இழுத்துப் போங்கள்!"

"பசிக்கு அழுகிறது," என்றான் செவ்வந்தியான் தாதிகளைப் பார்த்து.

காவலர்கள் விழித்தார்கள். பிறந்த குழந்தையின் கட்டளை செல்லுமா செல்லாதா என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தராத விஷயம்.

"கட்டளைக்கு முதலில் பேச்சு வர வேண்டும்," என்றான் செவ்வந்தியான். "அதற்கு முன்னால் குப்புற விழ வேண்டும், தவழ வேண்டும், சப்பாணி கொட்ட வேண்டும். வருடம் திரும்பினால் மொட்டை, காதுகுத்து. உட்காரவைக்க மந்திரியார் மடி இருக்கிறது. மூன்று வயதில் எதற்கெடுத்தாலும் 'மாட்டேன்'. ஐந்தில் ஏடு, கூடவே பிரம்பு. பதினைந்தில் கண்ணாடியைவிட்டு நகராது. இருபத்தொன்றில் கல்யாணம். அப்போது பங்கஜவல்லிக்கு முப்பத்தொன்பது. காத்திருக்கட்டும்!"

"அக்கிரமம்!" என்று விருத்தகிரியார் கூவினார். "நேரே வாலிபத்துக்குப் போனால் என்ன?"

"அப்படித் தாண்டியதால் வந்த வினைதானே இது, மந்திரியாரே? மகாராஜா பதினாறில் பட்டம் ஏறி, பதினேழில் போருக்குப் போனார். வாலிபம் எந்தப் பக்கம் போயிற்று என்று பார்க்க நேரமில்லை. இப்போது தேடுகிறார்."

அப்போது பெண்கள் இருந்த திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். பங்கஜவல்லி!

"ராணியம்மா, குழந்தை என்னை எப்படிக் கூப்பிட வேண்டும்? அக்கா என்றா, அத்தை என்றா?"

ராஜா அதிர்ந்துபோய் ராணியைப் பார்த்தார். அவள் கிரீடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்திருந்தாள். கண்ணில் நீர்; உதட்டோரத்தில் அடங்காத சிரிப்பு. ராஜாவுக்கும் அடக்க முடியவில்லை. தொந்தி குலுங்கச் சிரித்தார்.

"முகம் பார்த்துச் சிரிக்கிறது!" என்று செவ்வந்தியான் குதித்தான். "மூன்று மாதம் நிறைந்துவிட்டது! பழகிய முகத்தைப் பார்த்துத்தான் குழந்தை முதலில் சிரிக்கும், மகாராஜா. நீங்கள் யாரைப் பார்த்துச் சிரித்தீர்கள்?"

ராஜாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. கொஞ்ச நேரம் ராணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உலகம்மா, அதை என் தலையில் வை. கழுத்து நின்றுவிட்டது."

அவள் உடனே வைத்துவிடவில்லை. சபை முழுவதும் பார்க்கட்டும் என்று கொஞ்சம் காக்கவைத்து, பிறகுதான் வைத்தாள். ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிச் செவ்வந்தியானுக்குப் போட்டார். மறுநாள் அதே பந்தலில், அதே உலகம்மைக்கு இரண்டாம் முறை தாலி கட்டினார்.

விருத்தகிரியார் மட்டும் ஒரு வாரம் சபைப் பக்கம் வரவில்லை. விசாரித்தவர்களிடமெல்லாம் செவ்வந்தியான் கவலையோடு சொன்னான்: "பாவம், பல் முளைக்கிறது. காய்ச்சல்."