கமலத்துக்கு மிதக்கக் கற்றுக்கொடுத்த கதை

ஒடப்பங்குளத்துக்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. சொன்ன பேச்சைத் தட்ட மாட்டார்கள். அந்த ஊருக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால்தான்.

அந்த ஊர் மாசிலானுக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண், பெயர் கமலம். வீடு குளத்தங்கரையில். நடை பழகிய நாளிலிருந்து கமலத்துக்குக் குளத்தைத் தவிர வேறு திசையே தெரியவில்லை. மாசிலான் சோற்றில் கை வைப்பதற்குள் பிள்ளை வாசலைத் தாண்டியிருக்கும். பயத்திலேயே மனுஷன் பாதியாக இளைத்துப்போனான், பாவம்.

கடைசியில் டவுனிலிருந்து ஒரு நீச்சல் டீச்சரை வரவழைத்தான். அவர் கமலத்தைத் தொட்டித் தண்ணீரில் ஏந்திப் பழக்கினார். விழுந்தால் மல்லாந்து மிதக்க வேண்டும். வானத்தைப் பார்க்க வேண்டும். பெரியவர் யாராவது வந்து தூக்கும்வரை கத்த வேண்டும். கமலம் சட்டென்று பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து டீச்சருக்குச் சொந்தக்காரர் வீட்டில் ஒரு கல்யாணம் வந்துவிட்டது.

"நான் வர்ற வரைக்கும் நீங்களே பழக்குங்க. இடுப்புக்கு மேல தண்ணி வேண்டாம். கை எட்டுற தூரத்துல எப்பவும் ஒரு ஆள் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

மாசிலான் தன் கூட்டாளிகள் சடையனையும் தொப்புளானையும் கூப்பிட்டான். மூவரும் கமலத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். கொழுகொழுவென்று இருந்தாள்.

"இடுப்பு எங்கடா இருக்குது?"

"அரைஞாண் கயிறு எங்க இருக்குதோ, அதான் இடுப்பு" என்றான் தொப்புளான்.

மாசிலான் யோசித்தான். "எனக்குப் பயமா இருக்குது. இடுப்பு இன்னும் கொஞ்சம் கீழ இருந்தாத் தேவலை."

கயிற்றை முழங்காலுக்கு இறக்கினார்கள். அதுவும் ஆழமாகத் தெரிந்தது. கணுக்காலில் கட்டிப் பார்த்தார்கள். கடைசியில் கயிற்றைத் தரையில் போட்டு, அதன்மேல் பிள்ளையை நிறுத்தினார்கள். இனி ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இடுப்புக்கு மேலே போகாது. கரை மணலில், சுள்ளென்ற வெயிலில், மிதக்கும் பாடம் நடந்தது.

அடுத்தது காவல். ஊரிலேயே நீளமான கை சடையனுக்குத்தான். அவனை வைத்தால் கொஞ்சம் தள்ளியே நிற்கலாமே! அவனும் கையை நீட்டியபடி நின்றான். மடக்கினால் தூரம் குறைந்துவிடும் என்பதால் மத்தியானச் சோற்றைத் தொப்புளான்தான் ஊட்டிவிட்டான்.

அந்த நேரத்தில் கமலம் சடையனின் கைக்கு அடியில் புகுந்து, குளத்தைப் பார்த்து நடந்தாள்.

"சடையா, புடிடா!" என்று அலறினான் மாசிலான்.

"எதுக்குப் புடிக்கோணும்? எட்டுற தூரத்துல இருக்கத்தான் டீச்சரம்மா சொன்னாங்க. புடிக்கச் சொல்லலியே?"

தொபுக்கடீர்!

விழுந்த கமலம் புரண்டு மல்லாந்தாள், வானத்தைப் பார்த்தாள், ஊரே கேட்கக் கத்தினாள். "என்ற கண்ணே!" என்று மாசிலான் குதித்தான். அவனைக் காப்பாற்ற மற்ற இருவரும் குதித்தார்கள். குதித்த பிறகுதான் மூவருக்கும் நீச்சல் தெரியாது என்பது ஞாபகம் வந்தது. உடனே டீச்சர் சொன்னபடி மல்லாந்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், கத்தினார்கள்.

சத்தம் கேட்டு மாசிலானின் பெண்டாட்டி பூவாயி ஓடிவந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, பிள்ளையை வாரி இடுப்பில் வைத்தாள். தண்ணீர் அவள் முழங்காலைக்கூடத் தொடவில்லை.

"எந்திரிச்சு நில்லுங்க!"

"அதெப்புடி? பெரியவங்க வந்து தூக்கோணுமே" என்றான் மாசிலான், வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உங்களைவிடப் பெரியவங்களுக்கு நான் எங்க போவேன்?" என்று பூவாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போது கமலம் அப்பனைப் பார்த்துச் சிரித்துக் கையை நீட்டினாள். மாசிலான் அந்தப் பிஞ்சு விரலைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டான். பிள்ளை பிழைத்த சந்தோஷத்தில் அவனுக்கு அழுகையே வந்தது.

"தூக்கிட்டாடா! என்ற மக என்னையத் தூக்கிட்டா!"

"அப்படியே எங்களையும் தூக்கச் சொல்லு" என்று தண்ணீரிலிருந்து கெஞ்சினான் சடையன். கமலம் அவர்களையும் தூக்கினாள்.

டீச்சர் திரும்பி வந்தபோது ஊர் முழுக்கச் சோப்பும் துண்டுமாக, மூச்சுக் காட்டாமல் கரையில் உட்கார்ந்திருந்தது. வேப்பமரத்தில் ஒரு தூளி ஆடிக்கொண்டிருந்தது.

"ஏன் யாரும் குளிக்காம உக்காந்திருக்கீங்க?"

மாசிலான் அவசரமாக வாயில் விரலை வைத்தான்.

"மெதுவாப் பேசுங்க டீச்சரம்மா. பெரியவங்க தூங்கறாங்க."