வெள்ளச்சி ஒட்டின குதிரைப்படை

ஒரு ஊர்ல ஒரு ஏரி இருந்துச்சாம். ஏரி ஒண்ணு, அதுக்கு ராஜா ரெண்டு! கண்ண மூடிக்கிட்டே கேளு கயலு. ம் மட்டும் சொல்லு.

"ம்."

வடகரை ராஜாவுக்கு மூக்கால பேச்சு. "ஏரி எங்ஙளுதுங்ங!" தென்கரை ராஜாவுக்குத் தொண்டையில தவளை. "க்ர்ர்... எங்களுது!" இப்படியே கத்திக் கத்தி, சண்டைக்கு நாள் குறிச்சாச்சு. அப்போ ஒரு கிழட்டு மந்திரி, "ஆளு எதுக்குச் சாகணும்? மேஜை மேல பொம்மைய வெச்சு சண்டை போடுங்க. அந்த ஆட்டம் முடியற வரைக்கும் யாரும் நெஜ வாளைத் தொடக்கூடாது"ன்னாரு. ரெண்டு பேரும் சத்தியம் பண்ணாங்க. "ஆனா இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள பொம்மைப் படை நிக்கணும். இல்லேன்னா நெஜக் குதிரை கெளம்பும்!"ன்னாங்க.

பொம்மை செய்யறவ வெள்ளச்சி. கட்டைவிரல் உசரத்துக்குச் சிப்பாயி, சுண்டெலி உசரத்துக்குக் குதிரை. ஒவ்வொண்ணையும் பலகைத் துண்டு மேல ஒட்டி நிறுத்தணும். வடகரை நெஜப் படையில மொத குதிரையில போறது யாரு தெரியுமா? அவ அண்ணன் சங்கிலி. வாசல்லயே நின்னான்.

"தங்கச்சி, நிக்குமா?"

"நிக்கும். நீ மொதல்ல தள்ளி நில்லுண்ணே, வெளிச்சத்த மறைக்கற!"

அப்புறம், சோத்தக் கொழகொழன்னு பிசைஞ்சு ஒட்டினா. சிப்பாயிங்க வெறப்பா நின்னாங்க. அப்போ குடுகுடுன்னு ஒரு கோழி வந்து... டொக் டொக் டொக்! சோத்த எல்லாம் கொத்தித் தின்னுட்டுப் போயிருச்சு. படை மொத்தமும் மல்லாக்க.

"ம்... கோழியா?"

கோழியேதான். அப்புறம் அரக்க உருக்கி ஒட்டினா. உச்சி வெயில் ஏறிச்சு, அரக்கு எளகிச்சு. முன்னங்காலத் தூக்கிக்கிட்டு நின்ன குதிரை எல்லாம் மெ...து...வா... சாஞ்சு, தொப்! தொப்! சங்கிலி போயி தன் குதிரைக்குச் சேணம் கட்டினான்.

அப்புறம் வெள்ளச்சி ஒரே ஓட்டமா தச்சன் வீட்டுக்கு ஓடி, மரம் ஒட்டற வச்சிரப் பசை வாங்கிட்டு வந்தா. நாத்தம்னா நாத்தம், உவ்வே! கொதகொதன்னு காய்ச்சி, சட்டியோட ராஜாங்க மேஜைக்கே தூக்கிட்டுப் போனா. காயவிட நேரம் ஏது? ஒட்டு, வையி. ஒட்டு, வையி. கடைசிக் குதிரைய வெச்சா, சூரியன் முங்கிச்சு. ஒண்ணுகூட விழல!

விடிஞ்சுது. மூக்கு ராஜா ஒரு சிப்பாயப் புடிச்சு நகத்தினாரு. நகரல. "ங்ஙே?" தவளை ராஜா ஒரு குதிரைய இழுத்தாரு. "க்ர்ர்... ஹும்!" மேஜையே கூட வருது! ரெண்டு பேரும் மேஜையில கால உதைச்சுக்கிட்டு இழுத்தாங்க. தொபுக்கடீர்!

"ம்..."

வெள்ளச்சி ஓடி வந்து, "வேணும்னு பண்ணல சாமி. அவசரத்துல பசை பலகைக்கு அடியிலயும் வழிஞ்சிருச்சு"ன்னா.

மந்திரி தாடியத் தடவினாரு. "நகந்தாத்தானே ஆட்டம் முடியும்? முடிஞ்சாத்தானே வாளைத் தொடலாம்?"

ராஜா ரெண்டு பேரும் எந்திரிச்சு வேட்டியத் தட்டிக்கிட்டாங்க. "நாளைக்கு வர்றேங்ங." "க்ர்ர்... நானும்." தெனமும் வந்தாங்க, இழுத்தாங்க, வேர்த்துப்போயி மோரு குடிச்சாங்க, போனாங்க. ஏரித் தண்ணி பாட்டுக்கு ரெண்டு கரை வயலுக்கும் பாஞ்சுது. சங்கிலி சேணத்த அவுத்துட்டுக் குதிரையக் குளிப்பாட்டினான்.

அப்புறம் ஒருநாள் சங்கிலி வேகமா வந்தான்.

"தங்கச்சி, அந்தப் பசை மிச்சம் இருக்கா?"

"எதுக்குண்ணே?"

"இன்னைக்கு ராஜாங்க கொஞ்சம் பலமாத்தான் இழுத்தாங்க."

வெள்ளச்சி உடனே சட்டிய அடுப்புல ஏத்திட்டா.

கதைய ஒட்டியாச்சு கண்ணு. நீயும் எமைய ஒட்டிக்க, காலைல தானா பிரியும்.