வெறும் சேற்றைக் கண்டு வெகுண்ட நரி

அல்லிக் குளம் பாதி வற்றிக் கிடந்தது. தண்ணீர் உள்வாங்கிய இடமெல்லாம் வழவழவென்று ஈரக் களிமண். அதைப் பார்த்தாலே கீறாயி என்ற நண்டுக்குக் கொடுக்கு துறுதுறுக்கும். விடிந்ததும் வளையை விட்டு வெளியே வருவாள். குறுக்கும் நெடுக்குமாக ஓடிக் களிமண்ணில் படம் கீறுவாள். தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

கீறாயி தரையோடு தரையாக வாழ்கிறவள். அண்ணாந்து பார்த்தால் எது தெரியுமோ அதைத்தான் வரைவாள். யானை என்றால் நான்கு தூண், மேலே ஒரு வயிறு. கொக்கு என்றால் இரண்டு குச்சி. ஒருநாள், ஆடுகிற மயிலை வரைந்தாள். தோகை எங்கோ உயரத்தில் இத்தனூண்டு. கால்கள் மட்டும் பனைமரம் மாதிரி!

கரையே சிரித்தது. மயிலும் சிரித்தது. "அட, என் கால் இவ்வளவு பெரிதா!" என்று குனிந்து பார்த்துக்கொண்டது.

நரி ஊளையப்பன் மட்டும் சிரிக்கவில்லை. வேட்டைக்குத் துப்பில்லாத அவனை அந்தக் காட்டில் யாரும் ஓர் ஆளாக மதித்ததே கிடையாது. இதுதான் சமயம் என்று மயிலைத் தனியே கூப்பிட்டான்.

"உன் காலைக் கேலி செய்கிறாள், நீயும் சேர்ந்து சிரிக்கிறாயே! ரோஷமே கிடையாதா உனக்கு?"

மயில் யோசித்தது. யோசிக்க யோசிக்க அதற்குக் கோபம் வந்தது. மத்தியானத்துக்குள் ஊளையப்பன் காடு முழுக்கச் சுற்றி ஒரு கூட்டத்தையே திரட்டிவிட்டான்.

"கீறாயியின் கொடுக்கை ஒடி!"

"குளத்தை விட்டுத் துரத்து!"

கரையோரம் அசைபோட்டுக்கொண்டிருந்த காட்டெருமை, கூச்சல் போட்ட பன்றியைப் பார்த்துக் கேட்டது. "ஏம்ப்பா, நீ அந்தப் படத்தைப் பார்த்தாயா?"

"நான் ஏன் பார்க்க வேண்டும்? பார்க்காமலே என் மனசு புண்பட்டுவிட்டது!"

"படத்தில் இருப்பது மயிலாயிற்றே?"

"இன்றைக்கு மயில். நாளைக்கு நான்!"

வளைக்குள் கீறாயி நடுங்கிக்கொண்டிருந்தாள். கொடுக்கு போனால் படம் மட்டுமா போகும்? அவள் சாப்பிடுவதும் அந்தக் கொடுக்கால்தான். குளத்தை விட்டுப் போகலாமென்றால், அடுத்த தண்ணீருக்கு அரை நாள் நடக்க வேண்டும். வழியெல்லாம் நாரைகள்! கண்களை மட்டும் மெல்ல வெளியே நீட்டினாள்.

"நரியண்ணே, நான் என்ன செய்யணும்?"

ஊளையப்பன் மார்பை நிமிர்த்தினான். "இனிமேல் நீ எதைக் கீறினாலும் முதலில் நான் பார்ப்பேன். யார் மனசும் நோகக் கூடாது. தெரிந்ததா?"

"சரி அண்ணே."

மறுநாள் வம்பே வேண்டாமென்று ஒரு மரத்தை வரைந்தாள். குரங்கு குதித்து வந்தது. "மரம் இருக்கிறது, குரங்கு எங்கே? நாங்கள் இந்தக் காட்டில் இல்லையா?" ஊளையப்பன் வாலால் படத்தை அழித்தான்.

அடுத்த நாள் மரத்தில் ஒரு குரங்கையும் சேர்த்தாள். "ஒன்றுதானா? நாங்கள் முப்பது பேர்!" அதுவும் அழிந்தது.

மூன்றாம் நாள் ஒரு வட்டம் மட்டும் போட்டாள்.

"இது என் தொப்பை!" என்று பன்றி உறுமியது.

"ஐயோ, இது நிலா, அண்ணே!"

"நிலாவுக்கு ஏது இவ்வளவு பெரிய தொப்பை?"

நான்காம் நாள் கீறாயிக்கு ஒன்றும் தோன்றவில்லை. கொடுக்கை எடுத்தாலே யாருடைய முகமாவது சுளிப்பது போலிருந்தது. மூன்று நாளாக அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. களிமண்ணை அப்படியே விட்டுவிட்டு வளை வாசலில் சுருண்டு உட்கார்ந்துகொண்டாள்.

எல்லாரும் வந்தார்கள். பார்த்தார்கள். வெறும் சேறு.

"ஒன்றுமே இல்லையே!" என்றது குரங்கு.

"சும்மா விட்டிருப்பாளா? இதில் யாரையோ குத்திக் காட்டுகிறாள்" என்றது மயில்.

"உள்ளே ஒன்றுமே இல்லாத ஆளாக இருக்கும்" என்றது பன்றி.

காட்டெருமை நிதானமாக வாயைத் திறந்தது. "அப்படியென்றால் ஊளையப்பனோ?"

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

"யார் சிரித்தது?" ஊளையப்பனின் மயிர் சிலிர்த்தது. "கீறாயி! வெறும் சேற்றை வைத்து என்னை அவமானப்படுத்துகிறாயா?"

"நான் எதுவுமே வரையலையே, அண்ணே!"

"அதுதான் குற்றம்! உடனே அழி!"

கீறாயி சேற்றைப் பார்த்தாள். ஊளையப்பனைப் பார்த்தாள். குறும்பாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. "எதை அண்ணே அழிக்கணும்? நீங்களே அழிச்சுக் காட்டுங்களேன்."

ஊளையப்பன் சேற்றில் பாய்ந்தான். மிதித்தான். வாலால் இழுத்தான். அழிக்க அழிக்கத் தடம்தான் கூடியது. தடத்தை அழிக்கப் போனால் இன்னொரு தடம்! வெறி பிடித்தவன் போல் சுற்றினான். வழுக்கியது. திறந்த வாயோடு குப்புற விழுந்தான்.

அவன் எழுந்தபோது களிமண்ணில் ஒரு படம் இருந்தது. விறைத்த இரண்டு காது. பிளந்த வாய். வரிசையாகப் பல். நாலாபுறமும் வீசிய வால்.

காட்டெருமை அசைபோடுவதையே நிறுத்திவிட்டது. "அடடா! ஊளையப்பா, உன்னை நீயே அச்சு அசலாக வரைந்துவிட்டாயே!"

கரை அதிரச் சிரிப்பு எழுந்தது.

"அவள் கொடுக்கை ஒடியுங்கள்!" என்று கத்தினான் ஊளையப்பன். யாரும் அசையவில்லை.

"அவள் கொடுக்கை எதற்கு ஒடிக்கணும்? இதைக் கீறியது உன் மூஞ்சிதானே?" என்றது குரங்கு.

மூக்கில் சேறு சொட்டச் சொட்ட ஊளையப்பன் புதருக்குள் ஓடினான். பிறகு அவன் கூட்டம் கூட்டியபோதெல்லாம் அவன் ஒருவன்தான் வந்தான்.

கீறாயி முதலில் வயிறு நிறையப் பாசி தின்றாள். பிறகு மிதிபடாத ஓர் இடம் பார்த்துப் பன்றியை வரைந்தாள், கீழேயிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படியே.

பன்றி வெகுநேரம் பார்த்தது. "எனக்குப் பிடிக்கவில்லை."

"கொடுக்கை ஒடிக்கப் போறீங்களா, அண்ணே?" இந்த முறை அவள் குரல் நடுங்கவில்லை.

பன்றி தலையைச் சொறிந்தது. "இல்லை. அந்தப் பக்கம் போய்த் தண்ணீர் குடிக்கப் போகிறேன்."

போனது. பத்தடி போனதும் நின்று, யாரும் கவனிக்காதபோது, இன்னொரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டது.

பிடிக்காத படத்தைப் பார்க்காமல் போய்விடலாம், ஆனால் வரைகிற கையை ஒடிக்கக் கிளம்புகிறவர்களுக்கு வெறும் மண்கூடக் குற்றமாகத்தான் தெரியும்.